இருளப்பனுக்கு வயது பத்தொன்பது

மஸ்கெலியாவில் என் சலூனில்
கண்ணாடி இரண்டு, கதிரை ஒன்று.
அந்தக் கதிரையில்தான் மூன்று வாரமாக
விடியற்காலை நாலரைக்கு வந்து உட்காருகிறார்
நடிகர் கிருபாநிதி.
அறுபத்து மூன்று வயதை
உச்சியிலிருந்து தொடங்கிக் கறுப்பாக்குகிறேன்.
மீசைக்குத் தனித் தூரிகை,
காதோரத்துக்குப் பழைய டூத்பிரஷ்.

இருளப்பனை ஊருக்கே தெரியும்.
கறுப்பு வெள்ளைப் படத்தில்
கொழுந்து மடுவத்திலிருந்து தீப்பந்தத்தோடு
பள்ளத்துக்கு ஓடிய பொடியன்.
ஓடும்போதே சுடப்பட்டவன்.
அந்தப் படம் வந்த வருசம் பிறந்த
ஆம்பிளைப் பிள்ளைகளில் பாதிப்பேர் இருளப்பன்:
மளிகைக்கடை இருளப்பன், ஆட்டோ இருளப்பன்,
கொழும்புக்கு வேலைக்குப் போய்
திரும்பி வராத என் சித்தப்பா.

தேத்தண்ணிக் கடையில் தினமும் வழக்கு.
"முழங்காலப் பாத்தியா?
படி இறங்க ரெண்டு பேரு பிடிக்கணும்.
இந்த ஆளா இருளப்பன்?"
பவுசர் ஓட்டும் ஜெயசீலன்.
"பழைய படத்துல நடிச்சவருக்கு
அப்ப நாப்பத்திநாலு.
யாராச்சும் எண்ணுனீங்களா?"
தபால் கந்தோர் ஸ்டனிஸ்லாஸ்.
பிளேன்டீ ஆறுமட்டும் கடை பேசவில்லை.
பிறகு ஜெயசீலன் சொன்னான்:
"அவரு ஓடுனாரு."

என்னையும் கேட்டார்கள்.
தலையைப் பிடிக்கிறவன்
வாயைத் திறக்கக்கூடாது.

ஓட்டத்தைத் தூரத்திலிருந்து எடுத்தார்கள்,
பனி இறங்கும்வரை காத்திருந்து.
கிட்டத்தில் கிருபாநிதி,
எட்டத்தில் நோட்டனிலிருந்து வந்த ஒரு பொடியன்.
மூடுபனிக்குள் எல்லோருக்கும்
பத்தொன்பதுதான்.

கடைசிக் காட்சிக்குத் தாய் வேண்டும்.
கொழும்பிலிருந்து புறப்பட்டவர் வந்து சேரவில்லை;
கினிகத்தேனையில் மண் சரிந்து பாதை மூடிவிட்டது.
மலையில் நின்ற பேச்சியம்மாவைக் கூப்பிட்டார்கள்.

பேச்சியம்மாவுக்குப் புத்தகத்தில் அறுபத்தொன்று.
சொந்தக் கணக்கில் ஐம்பத்தெட்டு.
செக்ரோலில் பேர் விழவேண்டுமென்று
பதினைந்தில் பதினெட்டு ஆனவள்.
போன வருசம் அதே புத்தகம்
அறுபது என்று பேரை வெட்டியது.
மறுநாளே அதே மலை, அதே நிரை,
கைக்காசுக்குக் கொழுந்து.

என் பக்கம் சாய்ந்து கேட்டாள்:
"தம்பி, இவருக்கு நான் தாயா, தங்கச்சியா?"
அவள் முன்மயிருக்கு வெள்ளை பூசினேன்.
ஒரே மேசையில் இரண்டு கிண்ணம்.

மழை மெஷினில் வந்தது.
பின்னாலேயே நிஜ மழையும் வந்தது.
சுடப்பட்டவர் அவள் மடியில் விழுந்தார்.
அழச் சொல்லியிருந்தார்கள்,
அவள் அழவில்லை.
நெற்றி மயிரை ஒதுக்கினாள்.
கன்னத்துச் சேற்றை முந்தானையால் துடைத்தாள்.
மடங்கிக் கிடந்த முழங்காலைப் பார்த்துவிட்டு
வலிக்குமென்று நினைத்தாளோ என்னவோ
மெல்லப் பிடித்து நீட்டிவிட்டாள்.
டைரக்டர் கட் சொல்ல மறந்துபோனார்.
கிருபாநிதி செத்தபடியே கிடந்தார்.
கண்ணோரத்தில் மட்டும் ஏதோ அசைந்தது,
மழை என்றே வைத்துக்கொள்வோம்.

நான் பூசிய சாயம் கரைந்து
அவள் உள்ளங்கைக்கு இறங்கியது.
நாற்பது வருடக் கொழுந்துக் கறை
விரல் வெடிப்புகளில் ஏற்கனவே இருந்தது.
எது எந்தக் கறுப்பென்று
பூசிய எனக்கே தெரியவில்லை.

சாயங்காலம் சம்பளத் துண்டைக் கொடுத்து
நிரப்பச் சொன்னார்கள்.
பெயர், தோட்டம், அடையாள அட்டை இலக்கம்,
வயது.
பேனையோடு நிமிர்ந்தேன்.
"எதை எழுத?"
துவாயால் தலை துவட்டிக்கொண்டிருந்தாள்.
என் வெள்ளை போனபின்னும்
அடியில் கொஞ்சம் வெள்ளை இருந்தது.
"பொருந்துறத எழுது," என்றாள்,
"சுருக்கா எழுது தம்பி,
கடைசி பஸ்ஸு போயிரும்."